பித்தக்குழாயில் கல்: எடுத்துவிட்டால் முடிந்ததா? மாறிவரும் சிகிச்சை முறைகள் சொல்வது என்ன?

கண் மஞ்சளாகத் தெரிகிறது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது. வலது பக்க மேல் வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி, கூடவே குளிர்க் காய்ச்சல். ஸ்கேன் எடுத்தால், "பித்தக்குழாய்ல கல் அடைச்சிருக்கு" என்கிறார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுக் கல்லை எடுக்கிறார்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பியாகிவிட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் மட்டும் இரண்டு வரிகள் இருக்கும். பித்தப்பையை அகற்ற இத்தனை நாளில் வர வேண்டும். உள்ளே வைத்த ஸ்டென்ட்டை எடுக்க இந்தத் தேதியில் வர வேண்டும்.

"அதான் கல்ல எடுத்தாச்சே, வலியும் இல்ல. இன்னும் எதுக்கு ஆபரேஷன்?" என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பலர் வீட்டில் அந்தச் சீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது.

பித்தக்குழாய்க் கல் சிகிச்சை கடந்த 50 ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. என்ன மாறியது, எதை இன்னும் பாதியில் விடக் கூடாது? பார்க்கலாம்.

பித்தப்பைக் கல், பித்தக்குழாய்க் கல்: இரண்டும் ஒன்றா?

இல்லை. குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான்.

கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதைச் சேர்த்துவைத்து, சாப்பிடும்போது பிழிந்துவிடும் சிறிய பைதான் பித்தப்பை. அந்தப் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் பித்தநாளம். பேச்சுவழக்கில் பித்தக்குழாய். இந்தக் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு சின்ன வாயில் போய்த் திறக்கிறது. கணையத்திலிருந்து வரும் குழாயும் பெரும்பாலும் அதே வாயில்தான் வந்து சேர்கிறது.

கல் பெரும்பாலும் உருவாகும் இடம் பை. அங்கேயே இருக்கும்வரை பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது "பித்தப்பைல கல் இருக்கு" என்று தெரியவரும். அறிகுறியே இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

அதே கல் நழுவிக் குழாய்க்குள் இறங்கினால் கதை வேறு. பித்தநீர் போக வழியில்லாமல் தேங்கினால் மஞ்சள் காமாலை வரும். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் பித்தக்குழாய் அழற்சி. கணையத்தின் வாயையும் சேர்த்து அடைத்தால் கணைய அழற்சி. கடைசி இரண்டும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பித்தப்பைக் கல் தொந்தரவோடு வருபவர்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் குழாயிலும் கல் இருக்கும் என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அதாவது, கல் சிக்கியிருப்பது குழாயில். அது வந்த இடம் பை. குழாயை மட்டும் சுத்தம் செய்தால் வேலை பாதிதான் முடிகிறது.

முன்பு எப்படி இருந்தது?

1882-ல் ஜெர்மனியின் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை முழுவதுமாக அகற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பித்தக்குழாயைத் திறந்து கல் எடுக்கும் அறுவை சிகிச்சையும் வந்துவிட்டது. வயிற்றை நீளமாகக் கிழித்து, குழாயைத் திறந்து, கல்லை எடுத்து, 'டி' எழுத்து வடிவ ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே வைத்து வெளியே விடுவார்கள். வயிற்றுக்கு வெளியே ஒரு பையில் பித்தநீர் வடிந்துகொண்டிருக்கும். நோயாளி பல நாள் படுக்கையில்.

திருப்பம் 1968-ல் தொடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டனில் வில்லியம் மெக்யூன் குழுவினர் எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்தச் சின்ன வாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்-ரே எடுக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று 'இ.ஆர்.சி.பி.' என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் முறையின் ஆரம்பம் அதுதான்.

1974-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசன், டெம்லிங் இருவரும், ஜப்பானின் கியோட்டோவில் கவாய் குழுவினரும் அடுத்த படியை எட்டியதாக அறிவித்தார்கள். எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்த வாயைச் சற்று வெட்டி அகலப்படுத்திக் கல்லை வெளியே எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமலே கல் வெளியே வந்தது.

லேப்ராஸ்கோப்பி வந்ததும் நடந்தது என்ன?

1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை அகற்றினார். 1987-ல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ கேமரா உதவியோடு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

இங்கே ஒரு விநோதம். வயிற்றைத் திறந்து அறுவை செய்த காலத்தில், பையை எடுக்கும்போதே குழாயையும் திறந்து பார்த்துவிடுவார்கள். ஒரே மயக்க மருந்தில் இரண்டு வேலையும் முடியும். லேப்ராஸ்கோப்பியில் பையை எடுப்பது எளிதானது. ஆனால், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாயைச் சின்னத் துளைகள் வழியாகத் திறந்து, கல்லை எடுத்து, மறுபடி தைப்பது கடினம். அதற்குத் தனிப் பயிற்சியும் கருவிகளும் வேண்டும்.

அதனால் வேலை இரண்டாகப் பிரிந்தது. குழாய்க் கல்லை எடுப்பது குடல்நோய் எண்டோஸ்கோப்பி மருத்துவர். பையை எடுப்பது அறுவை மருத்துவர். வேறு நாள், சில நேரம் வேறு மருத்துவமனை. நோயாளிக்குத் தழும்பு குறைந்தது. ஆனால், முதல் வேலைக்கும் இரண்டாவது வேலைக்கும் நடுவே ஓர் இடைவெளி உருவானது. டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுக்குள் போவது அந்த இடைவெளியில்தான்.

மாற்றம் 1: முதலில் பார், பிறகு குழாயை விடு

ஒரு காலத்தில் சந்தேகம் வந்தாலே இ.ஆர்.சி.பி. செய்துவிடுவார்கள். கல் இருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான், எடுக்கவும் அதுதான். இன்று அப்படி இல்லை.

காரணம், இ.ஆர்.சி.பி. என்பது சாதாரண எண்டோஸ்கோப்பி கிடையாது. இதற்குப் பிறகு சிலருக்குக் கணைய அழற்சி வரலாம். பொதுவாக 100 பேரில் 3 முதல் 10 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால், சிலருக்குத் தீவிரமாகும். அரிதாக ரத்தக்கசிவு, குடலில் துளை விழுவது போன்றவையும் நேரலாம்.

இதற்கிடையே 1990-களில் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் வந்தது. உடலுக்குள் எதையும் செலுத்தாமல் பித்தக்குழாயைப் படமெடுத்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை இது. எண்டோஸ்கோப்பி முனையிலேயே ஸ்கேன் கருவி பொருத்திய இ.யூ.எஸ். முறையும் பரவியது. எம்.ஆர்.சி.பி. தவறவிடும் பொடிக் கற்களையும் இது பல நேரம் பிடித்துவிடும்.

2002-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கல்லைக் கண்டுபிடிப்பதில் இந்த மூன்றும் ஒப்பிடத்தக்கவையே என்றது. அதன் பிறகு, 'கண்டுபிடிக்க ஸ்கேன், எடுக்க மட்டும் இ.ஆர்.சி.பி.' என்ற நடைமுறை வேரூன்றியது.

அப்படியானால் யாருக்கு நேரடியாக இ.ஆர்.சி.பி.? 2019-ல் அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி:

• ஸ்கேனிலேயே குழாயில் கல் தெளிவாகத் தெரிந்தால்
• பித்தக்குழாய் அழற்சிக்கான அறிகுறிகள் இருந்தால்
• ரத்தத்தில் பிலிருபின் 4-ஐத் தாண்டி, குழாயும் வீங்கியிருந்தால்

இந்த மூன்றும் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், முதலில் எம்.ஆர்.சி.பி. அல்லது இ.யூ.எஸ். "ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சு, மறுபடி எதுக்கு இன்னொரு ஸ்கேன்?" என்று பலரும் கேட்பார்கள். சாதாரண வயிற்று ஸ்கேனில் குடல் வாயு மறைப்பதால் குழாயின் அடிப்பகுதி பல நேரம் தெரியாது. அந்த இன்னொரு ஸ்கேன், தேவையில்லாத ஓர் இ.ஆர்.சி.பி.யைத் தவிர்க்கலாம்.

மாற்றம் 2: அபாயத்தைக் குறைக்கும் எளிய வழி

கணைய அழற்சியைத் தடுக்கப் பல மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டன. வென்றது பழைய, விலை குறைந்த வலி மருந்து ஒன்று. 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வில், அபாயம் அதிகமுள்ள நோயாளிகளுக்கு இன்டோமெதசின் மருந்தை ஆசனவாய் வழியாக வைத்தார்கள். மருந்து வைக்காதவர்களில் 16.9 சதவீதம் பேருக்குக் கணைய அழற்சி வந்தது. வைத்தவர்களில் 9.2 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு போன்ற தடைகள் இல்லாதவர்களுக்கு இப்போது இது பரவலாகக் கொடுக்கப்படுகிறது.

மாற்றம் 3: பெரிய கல்லா? உள்ளேயே உடை

கல் சின்னதாக இருந்தால் பலூன் அல்லது கூடை போன்ற கம்பி வலையால் இழுத்துவிடலாம். 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிரமம். முன்பு இது மறுபடி அறுவை சிகிச்சைக்கே போகும்.

இப்போது வாயைக் கொஞ்சமாக வெட்டி, பெரிய பலூனை ஊதி அகலப்படுத்துகிறார்கள். அதற்கும் அசையாத கல்லுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மிக மெல்லிய கேமராக் குழாயைப் பித்தக்குழாய்க்குள்ளேயே செலுத்தி, கல்லை நேரில் பார்த்து, லேசர் அல்லது மின் அதிர்வலையால் உடைக்கிறார்கள். ஒரே மருத்துவர் இயக்கக்கூடிய இந்தக் கருவியின் டிஜிட்டல் வடிவம் 2015 வாக்கில் வந்தது. செலவு அதிகம். எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

கருவி சுத்தமும் பேசுபொருளானது. இ.ஆர்.சி.பி. குழாயின் முனை சிக்கலான அமைப்பு கொண்டது. சுத்தம் செய்தாலும் கிருமி தங்கலாம் என்று 2015-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2019 டிசம்பரில், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குழாய்க்கு அதே அமைப்பு அனுமதி கொடுத்தது.

மாற்றம் 4: இரண்டையும் ஒன்றாக முடி

எல்லாவற்றையும்விட நோயாளியை நேரடியாகத் தொடும் மாற்றம் இதுதான். இதற்கு வலுவான ஆதாரம் நெதர்லாந்திலிருந்து வந்தது.

2002-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு அது. இ.ஆர்.சி.பி. மூலம் குழாய்க் கல் எடுக்கப்பட்ட 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பித்தப்பையை அகற்றினார்கள். இன்னொரு பிரிவை, 'தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள், காத்திருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு மறுபடி பித்தத் தொந்தரவு வந்தது. பையை அகற்றியவர்களில் அது 2 சதவீதம்.

சரி, எடுக்க வேண்டும். எப்போது? 2010-ல் வெளியான இன்னொரு டச்சு ஆய்வில், ஒரு பிரிவுக்கு 72 மணி நேரத்துக்குள் பையை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல 6 முதல் 8 வாரம் கழித்து என்று திட்டம். நாள் தள்ளியவர்களில் 36 சதவீதம் பேருக்கு மறுபடி பித்தத் தொந்தரவு. உடனே செய்தவர்களில் 2 சதவீதம்.

2015-ல், லேசான கணைய அழற்சியோடு வந்த 264 பேரிடம் நடந்த ஆய்வும் இதையே சொன்னது. அதே அட்மிஷனில் பித்தப்பையை எடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பிரச்சினை திரும்பியது. வீட்டுக்குப் போய்ப் பிறகு வந்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு.

இதன் விளைவாக, இ.ஆர்.சி.பி. முடிந்து 2 வாரத்துக்குள் பித்தப்பையை அகற்ற வேண்டும் என்று 2019-ல் ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் பரிந்துரைத்தது. "உடம்பு தேறட்டும், ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்ற பழைய பேச்சு இப்போது எடுபடாது.

இன்னொரு பக்கம், அறுவை மருத்துவர்களும் பித்தக்குழாயை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பியிலேயே பையையும் எடுத்து, குழாய்க் கல்லையும் எடுத்து, ஒரே நாளில் முடிக்கும் முறை அது. பழைய 'டி' குழாயை வைக்காமல் நேரடியாகத் தைத்து மூடுவதும் கூடிவருகிறது. திறமையான கைகளில் இரண்டு முறைகளின் பலனும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவு. எனவே, 'எது சிறந்தது' என்பதைவிட, 'அந்த மருத்துவமனையில் எதில் அனுபவம் அதிகம்' என்பதே பொருத்தமான கேள்வி.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை முடியாது. மிகவும் வயதானவர்கள், இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்குக் குழாயை மட்டும் சுத்தம் செய்து, பையை விட்டுவிடுவதும் உண்டு. அது மருத்துவர் எடை போட்டு எடுக்கும் முடிவு. சீட்டைத் தொலைத்ததால் ஏற்படும் முடிவாக இருக்கக் கூடாது.

மாற்றம் 5: எல்லோருக்கும் அவசரமில்லை, சிலருக்குத் தாமதமே கூடாது

கணைய அழற்சி தீவிரமாகக்கூடியவர்களுக்கு உடனடியாக இ.ஆர்.சி.பி. செய்தால் நல்லது என்று முன்பு நம்பப்பட்டது. 2020-ல் வெளியான டச்சு ஆய்வு, பித்தக்குழாய் அழற்சி இல்லாதவர்களுக்கு அந்த அவசரத்தால் பெரிய பலன் இல்லை என்று காட்டியது.

அறிகுறியே இல்லாமல் தற்செயலாகத் தெரியவரும் குழாய்க் கல் பற்றியும் விவாதம் நடக்கிறது. எடுப்பதே நல்லது என்பதுதான் இப்போதும் பெரும்பான்மைக் கருத்து. ஆனால், இப்படிப்பட்டவர்களுக்கு இ.ஆர்.சி.பி.க்குப் பிந்தைய கணைய அழற்சி அதிகம் வருவதாக ஜப்பான் ஆய்வுகள் சொல்வதால், சாதக பாதகங்களைப் பேசி முடிவெடுக்கச் சொல்கிறார்கள்.

ஆனால், காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிற்று வலி மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது. ரத்த அழுத்தம் இறங்கி, பேச்சு குழறினால் இன்னும் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு 12 மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கிப் பித்தநீரை வடியவிட வேண்டும் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். அந்த நேரத்தில் கல்லை முழுதாக எடுப்பதுகூட முக்கியமில்லை. ஸ்டென்ட் வைத்து வழியைத் திறந்தாலே உயிர் தப்பும்.

ஸ்டென்ட் வைத்தால் மறக்கலாமா?

கூடவே கூடாது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போல இது காலத்துக்கும் இருப்பதல்ல. பித்தக்குழாயில் பெரும்பாலும் வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். கல் முழுதாக வராதபோதும், கிருமித்தொற்று இருக்கும்போதும் தற்காலிகமாக வைக்கிறார்கள்.

3 முதல் 6 மாதத்துக்குள் அதை எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். அதைச் சுற்றிப் புதுக் கல்லும் படியும். மறுபடி காமாலை, மறுபடி குளிர்க் காய்ச்சல். வலி இல்லை என்பது ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று கிடையாது.

கீழாநெல்லி, வாழைத்தண்டு, ஆலிவ் எண்ணெய்: பலன் தருமா?

தமிழ்நாட்டில் காமாலை என்றதும் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். ஆனால், எல்லாக் காமாலையும் ஒன்றல்ல. வைரஸால் கல்லீரல் வீங்கி வருவது ஒன்று. குழாய் அடைத்து வருவது வேறு. அடைப்புக் காமாலையில் மலம் வெளிறி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிக்கும். இதற்கு எந்த மூலிகையும் வழியைத் திறக்காது. பத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் கிருமி பரவ நேரம் கொடுக்கும்.

வாழைத்தண்டுச் சாறு வீட்டில் சொல்லப்படுவது சிறுநீரகக் கல்லுக்கு. பித்தக் கல் வேறு, அது வரும் வழியும் வேறு. 'கல்லு' என்ற ஒரே சொல்லால் வரும் குழப்பம் இது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் விழும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றுகின்றன. அப்படி 'விழுந்த கல்லை' ஆய்வகத்தில் சோதித்த முடிவு 2005-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அது பித்தக் கல்லே இல்லை. குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பு போலத் திரண்ட உருண்டைகள்.

கல் கரைக்கும் மாத்திரை? பித்தப்பையில் உள்ள சிறிய கொழுப்புக் கற்களைச் சிலருக்கு மெதுவாகக் கரைக்கும். குழாய் அடைப்புக்கு அது சிகிச்சை அல்ல.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. குழாயில் கல் முழுதாக எடுக்கப்பட்டுவிட்டதா, மிச்சம் இருக்கிறதா?

2. உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?

3. பித்தப்பையை இதே அட்மிஷனில் எடுக்க முடியுமா? முடியாதென்றால் 2 வாரத்துக்குள் தேதி கிடைக்குமா? தள்ளிப்போட வேண்டுமென்றால் காரணம் என்ன?

4. வீட்டுக்குப் போன பிறகு வயிற்று வலி, காய்ச்சல், கறுப்பு மலம், மஞ்சள் கண் வந்தால் எங்கே, யாரைப் பார்க்க வேண்டும்?

5. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அல்லது தனியார் காப்பீட்டில் இரண்டாவது சிகிச்சைக்கும் அனுமதி வாங்கியாகிவிட்டதா, மறுபடி வாங்க வேண்டுமா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால், கூலி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டாவது முறை லீவு, பஸ் செலவு, கூட இருக்க ஓர் ஆள், அனுமதிக் கடிதம் எல்லாம் சேர்ந்துதான் 'அப்புறம் பார்த்துக்கலாம்' ஆகிறது. மருத்துவமனை முதல் தடவையே தேதியைக் குறித்துக் கொடுத்தால், அதில் பாதிச் சிக்கல் தீரும். வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தேதியை போனில் அலாரமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவை உங்கள் மருத்துவரிடம் கலந்துபேசி எடுக்கவும்.)